அந்த அட்டைத் தடுப்பை எடுக்கச் சொல்லாதீர்கள்

கைப்பேசியிலேயே ஓட்டுப் போட வழி கேட்கும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

ஒவ்வொரு தேர்தலின்போதும் உங்கள் கேள்வி கிளம்பிவிடுகிறது. பணம் அனுப்புகிறோம், டிக்கெட் எடுக்கிறோம், வரி கட்டுகிறோம், எல்லாம் கைப்பேசியில். ஓட்டுக்கு மட்டும் எதற்காக ஒரு பள்ளிக்கூடத்தைத் தேடிப்போய், வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் காட்டிவிட்டு வர வேண்டும்? ஒரு செயலி செய்துவிட்டால் தீர்ந்தது, வாக்குச்சாவடியே தேவையில்லை என்கிறீர்கள்.

நான் மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவன். உங்களில் பலரும் அப்படித்தான். அதனால், தொழில்நுட்பம் தெரியாத யாரோ பயந்துபோய் எழுதுகிறார் என்று இந்த மடலைத் தள்ளிவிட மாட்டீர்கள் என நினைக்கிறேன். வரிசையைப் பற்றிய உங்கள் எரிச்சல் முழுக்க நியாயம். அதற்கு நீங்கள் சொல்லும் மருந்துதான் எனக்கு ஒத்துவரவில்லை.

நீங்கள் எப்போதும் எடுத்துக்காட்டும் வங்கியிலிருந்தே தொடங்குகிறேன். ஒருவருக்குப் பணம் அனுப்பினால், அனுப்பியது நீங்கள்தான் என்று வங்கிக்குத் தெரியும். யாருக்குப் போனது, எத்தனை மணிக்கு, எந்தக் கருவியிலிருந்து என்பதெல்லாம் பதிவாகிறது. உடனே குறுஞ்செய்தி வருகிறது. பிறகு கணக்கு அறிக்கையிலும் இருக்கிறது. தப்பு நடந்தால் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போய்க் கண்டுபிடிக்கலாம், சில சமயம் பணத்தைத் திரும்ப வாங்கலாம். மோசடியில் வங்கிகள் இழக்கவே இல்லையா என்றால், இழக்கத்தான் செய்கின்றன. அந்த நஷ்டத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டுதான் தொழில் நடக்கிறது.

ஓட்டில் இதில் ஒன்றும் ஆகாது. வந்தவர் இன்னார்தான், முன்பே போட்டுவிட்டுப் போகவில்லை என்பது சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். ஆனால் அவர் போட்டது அடுத்த நொடியே அவர் பெயரிலிருந்து அறுந்துபோக வேண்டும். மொத்த எண்ணிக்கை சரி என்று தோற்றவருக்கும் காட்ட வேண்டும். ஆனால் யார் யாருக்குப் போட்டார் என்று யாராலும், போட்டவராலேயேகூட, நிரூபிக்க முடியக் கூடாது. வங்கியின் குறுஞ்செய்தி போல "நீங்கள் இன்ன சின்னத்துக்கு வாக்களித்தீர்கள், நன்றி" என்று ஒரு ரசீது வந்தால், அதைக் காட்டி யாரிடமாவது காசு வாங்கலாம். அதைக் காட்டச் சொல்லி யாராவது மிரட்டவும் செய்யலாம். ரசீதே இல்லையென்றால், உங்கள் ஓட்டு சரியாகத்தான் போய்ச் சேர்ந்ததா என்று நீங்கள் எப்படி அறிவீர்கள்? நம் தொழிலில் எதை எழுதினாலும் முதலில் கேட்பது பதிவேடு. இங்கே பதிவேடும் வேண்டும், அதில் ஒன்றும் தெரியவும் கூடாது.

இதற்கு விடை தேடி, தகவலைப் பூட்டி மறைக்கும் குறியாக்கவியல் துறை ஆட்கள் பல ஆண்டுகளாக உழைக்கிறார்கள். அழகான கணித முறைகளும் வைத்திருக்கிறார்கள். அவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் களத்தில் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். 2010-இல் வாஷிங்டன் டி.சி. நிர்வாகம் இணைய வாக்களிப்பு முறை ஒன்றைச் செய்து, முடிந்தால் உடைத்துப் பாருங்கள் என்று பொதுவில் திறந்துவிட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு ஒன்று 48 மணி நேரத்துக்குள் அதை முழுதாகக் கைப்பற்றி, பதிவான மாதிரி வாக்குகளை எல்லாம் மாற்றிவிட்டது. ஓட்டுப் போட்டு முடித்ததும் திரையில் தங்கள் பல்கலைக்கழகத்தின் பாட்டு ஒலிக்கும்படி வேறு செய்துவைத்தார்கள். பாட்டு கேட்ட பிறகும் அதிகாரிகளுக்கு விஷயம் உடனே பிடிபடவில்லை. பாட்டுப் போடாத எதிரியாக இருந்திருந்தால்? சுவிட்சர்லாந்திலும் 2019-இல் ஆய்வாளர்கள் குறைகளைக் கண்டுபிடித்த பிறகு மின்வாக்கை நிறுத்திவைத்து, 2023-இல்தான் சில இடங்களில் மறுபடி தொடங்கினார்கள்.

சரி, இதெல்லாம் ஒருநாள் தீர்ந்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். ஓட்டைக்கு இடமே இல்லாத செயலியை நீங்கள் எழுதிவிட்டீர்கள். இனிமேல்தான் எனக்குக் கவலையே. அந்தச் செயலியைத் திறக்கும்போது பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

"எனக்கு இந்த ஆப்பெல்லாம் பழக்கமில்லப்பா, நீயே போட்டுடு" என்று அம்மா கைப்பேசியை மகனிடம் நீட்டுவார். மகனும் நல்ல எண்ணத்தோடுதான் வாங்குவான். அந்த வீட்டில் நாலு ஓட்டு, நாலையும் போட்டது ஒரே கட்டைவிரல். இன்னொரு வீட்டில் கணவன் கையில்தான் இரண்டு கைப்பேசியும் இருக்கும். ஒரு தொழிலாளர் விடுதியில் மேற்பார்வையாளர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, இப்போது எல்லோரும் சேர்ந்து போட்டுவிடலாம் என்பார். யாரும் குரலை உயர்த்தியிருக்க மாட்டார்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்படி ஒன்றுமே நடந்திருக்காது. தெருவில் காசு கொடுக்க வருகிறவரின் நிலைமையோ இன்னும் சுலபம். இன்று அவர் காசைக் கொடுத்துவிட்டு நம்பித்தான் போக வேண்டியிருக்கிறது. நாளைக்கு, "செயலியைத் திற, என் கண் முன்னால் அழுத்து, வாங்கிக்கொள்" என்பார்.

வாக்குச்சாவடியில் இருப்பது என்ன? ஒரு மேசை, அதன்மேல் மூன்று பக்கமும் மறைக்கிற ஓர் அட்டைத் தடுப்பு. பார்த்தால் பிஸ்கட் பெட்டியை வெட்டி நிறுத்தியது போலத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் இரண்டாவது ஆள் வரக் கூடாது என்பதைச் சட்டம் காக்கிறது, அலுவலர் காக்கிறார், வாசலில் நிற்கும் காவலர் காக்கிறார், ஒருவரை ஒருவர் நம்பாத எல்லாக் கட்சி ஏஜென்டுகளும் காக்கிறார்கள். ஒரு மனிதரை அவருடைய வீட்டிலிருந்து, முதலாளியிடமிருந்து, சாதிக்காரர்களிடமிருந்து, கடன் கொடுத்தவரிடமிருந்து அரை நிமிடம் பிரித்து நிறுத்துகிற இடம் அது. அந்த அரை நிமிடத்தை உங்கள் செயலி எந்த வீட்டிலும் உருவாக்கித் தர முடியாது. கணிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பக்கத்து நாற்காலியை அது காலி செய்யாது.

இந்தத் தடுப்பு சும்மா கிடைத்துவிடவில்லை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வாக்காளர் மேடையேறி, தான் யாருக்குப் போடுகிறேன் என்று உரக்கச் சொல்ல வேண்டும். எழுத்தர் அதைப் பேரேட்டில் எழுதிக்கொள்வார். அந்தப் பேரேடுகளை அச்சடித்து விற்கவும் செய்தார்கள். யார் யாருக்குப் போட்டார் என்பது ஊருக்கே கிடைக்கும். குத்தகைதாரர் என்ன செய்தார் என்று நிலக்கிழார் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். 1856-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும், அடுத்தடுத்த வாரங்களில், ரகசிய வாக்கெடுப்புக்குச் சட்டம் கொண்டுவந்தன. சீட்டை அரசு அச்சடிக்கும். வாக்காளர் தனி மறைவில் குறியிட்டுப் பெட்டியில் போடுவார். அது அப்போது புதுமை. பிரிட்டன் 1872-இல்தான் அந்த வழிக்கு வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று பாண்டிஃப்ராக்ட் இடைத்தேர்தலில் முதல்முறையாக ரகசியமாக வாக்களித்தார்கள். பிரான்ஸில் வாக்காளருக்கென்று மறைவுக் கூண்டு வந்தது 1913-இல்.

ரகசியம் வேண்டாம் என்று அன்று வாதாடியவர்களில் சாதாரண ஆட்கள் மட்டும் இல்லை. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லே எதிர்த்தார். ஓட்டு என்பது ஒரு பொதுப் பொறுப்பு, அதை எல்லோர் பார்வையிலும் செய்ய வேண்டும் என்பது அவர் வாதம். கேட்பதற்கு உயர்வாகத்தான் இருக்கிறது. குத்தகை நிலத்தில் குடியிருக்காதவர்களுக்கு அப்படிச் சொல்வது எளிது.

சிலி நாட்டுக் கதை இன்னும் தெளிவானது. 1958 வரைக்கும் அங்கே கட்சிகளே தங்கள் தங்கள் வாக்குச்சீட்டை அச்சடித்துக் கொடுத்தன. பண்ணையார் தன் நிலத்தில் வேலை செய்பவர்களின் கையில் சீட்டைக் கொடுத்தே அனுப்பலாம். அந்த ஆண்டு அரசே அச்சிட்ட ஒரே வாக்குச்சீட்டு வந்தது. பண்ணையார்களின் பிடி இறுகியிருந்த பகுதிகளில் வலதுசாரிக் கட்சிகளின் வாக்கு அதற்குப் பிறகு குறைந்ததைப் பொருளாதார ஆய்வாளர்கள் பின்னாளில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். வாக்காளர் மாறவில்லை, நிலம் கைமாறவில்லை. சீட்டை எங்கே, எப்படிக் கொடுக்கிறார்கள் என்பது மட்டும் மாறியது.

அந்தத் தடுப்பு ஏழைக்குத் தருவது என்ன என்று பச்சையாகவே சொல்கிறேன்: பொய் சொல்லும் உரிமை. காசு வாங்கியவர் வாங்கிய இடத்தில் "உங்களுக்குத்தான் போட்டேன்" என்று சொல்லலாம். முதலாளியிடமும் அதையே சொல்லலாம். மாமனாரிடம் ஒன்று, அண்ணனிடம் ஒன்று சொல்லலாம். யாராலும் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாது என்று தெரிவதால்தான் ஓட்டை விலைக்கு வாங்குவது இன்னமும் நிச்சயமில்லாத வியாபாரமாக இருக்கிறது. சரிபார்க்கும் வழி கிடைத்த அன்றே அது நல்ல வியாபாரமாகிவிடும். இத்தாலியில் 2008-இல் கேமரா உள்ள கைப்பேசியை வாக்களிக்கும் மறைவுக்குள் கொண்டுபோகத் தடை விதித்தது இதனால்தான். ஓட்டுக்குக் காசு கொடுத்தவர்கள் சாட்சியாகப் படம் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். நம்மில் சிலர் பெருமைக்காக ஓட்டுப் போடுவதைப் படம் எடுத்துப் போடுகிறோமே, அது ஒன்றும் தெரியாத விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். நீங்கள் விருப்பப்பட்டு எடுக்கிற படத்தை, விருப்பமில்லாத இன்னொருவர் எடுத்துக் காட்டியே ஆக வேண்டிய நிலை அப்படித்தான் தொடங்குகிறது. மை வைத்த விரலைப் போடுங்கள், தாராளமாக.

இந்தியாவில் 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள் இதில் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. வாக்காளரே ரகசியம் காக்கும் நடைமுறையைப் பின்பற்ற மறுத்தால், எச்சரித்த பிறகும் கேட்காவிட்டால், தலைமை அலுவலர் அவரை வாக்களிக்க விடக் கூடாது. பார்வையற்றவர்களுக்கும் தானாக இயலாதவர்களுக்கும் துணைக்கு ஒருவர் உள்ளே வரலாம். ஆனால் ஒரு நாளில் ஒருவர் ஒரே ஒருவருக்குத்தான் துணை போக முடியும். ரகசியம் காப்பேன் என்று எழுதியும் கொடுக்க வேண்டும். "நாலு ஓட்டையும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிற மகனை அந்த விதி வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. எழுதியவர்களுக்கு நம் வீடுகளைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

தபால் ஓட்டு இருக்கிறதே, அதுவும் வீட்டிலிருந்துதானே என்பீர்கள். உண்மை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2000-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலையே முழுக்கத் தபாலில் நடத்தியது. சுவிட்சர்லாந்தில் பெரும்பாலானோர் தபாலில்தான் வாக்களிக்கிறார்கள். ஊர் ஊராக எல்லாம் நன்றாகவே நடக்கிறது. நடக்காதபோது எப்படி நடக்கவில்லை என்பதையும் பாருங்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் மாநகராட்சித் தேர்தலில் தபால் ஓட்டுகளில் நடந்த மோசடியை 2005-இல் விசாரித்த தேர்தல் நீதிபதி, இந்தச் சாட்சியங்கள் "வாழைப்பழக் குடியரசு" என்று ஏளனமாகச் சொல்லும் ஊழல் நாட்டுக்குக்கூட அவமானம் என்கிற அளவுக்குப் பேசினார். அமெரிக்காவின் வட கரோலினாவில் 2018-இல் ஒரு காங்கிரஸ் தொகுதியின் முடிவையே ஏற்காமல், மறுதேர்தல் நடத்த வேண்டிவந்தது. வீட்டுக்கு வந்த வாக்குச்சீட்டுகளை ஒரு கும்பல் சேகரித்துத் திரிந்ததுதான் காரணம். பிரான்ஸ் 1975-இல் உள்நாட்டுத் தபால் ஓட்டையே ஒழித்துவிட்டது. தபாலில் ஏமாற்றுகிறவர் வீடு வீடாக நடக்க வேண்டும், சீட்டு சீட்டாகச் சேர்க்க வேண்டும், யார் கண்ணிலாவது பட வேண்டும். மென்பொருளில் அந்தச் சிரமமும் இல்லை.

இதற்குள் உங்களில் யாராவது எஸ்டோனியா என்று முணுமுணுத்திருப்பீர்கள். எடுத்துக்கொள்வோம், அதுதான் உங்கள் பக்கத்தில் உள்ள நல்ல வாதம். அந்தச் சின்ன ஐரோப்பிய நாட்டில் 2005-இலிருந்து இணையத்தில் வாக்களிக்கலாம். 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கும் சற்று மேலான ஓட்டுகள் அப்படித்தான் வந்தன. மிரட்டலுக்கு அவர்களும் ஒரு விடை வைத்திருக்கிறார்கள். ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் இணையத்தில் மாற்றிப் போடலாம், கடைசியாகப் போட்டதுதான் செல்லும். நெருக்கடியில் போட்டவர் பிறகு தனியாக இருக்கும்போது மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் மேலே, தேர்தல் நாளன்று வாக்குச்சாவடிக்குப் போய்க் காகிதத்தில் போட்டால் இணைய ஓட்டு ரத்தாகிவிடும். உலகத்திலேயே இதில் முன்னே போயிருக்கிற நாடு, கடைசி அடைக்கலமாக எதை வைத்திருக்கிறது என்று கவனித்தீர்களா? அதே அட்டைத் தடுப்பைத்தான்.

இணையம் வந்தால் எல்லோரும் ஓட்டுப் போடுவார்கள் என்பதற்கும் எஸ்டோனியா அவ்வளவாக ஒத்துழைக்கவில்லை. நாடாளுமன்றத் தேர்தலுக்கு முதன்முதலாக இணைய வாக்கு வந்த 2007-இல் வாக்குப்பதிவு சுமார் 62 சதவீதம். 2023-இல் 63.5. இந்தியாவில் 2024 மக்களவைத் தேர்தலில், கோடை வெயிலில், ஆள் நேரில் போய் நின்று பதிவானது 65.79 சதவீதம். இரு நாடுகளையும் இப்படி ஒப்பிடுவது முழுக்கச் சரியில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வராதவர்கள் எல்லாம் செயலி இல்லாததால்தான் வரவில்லை என்ற உங்கள் கணக்கும் அவ்வளவு சரியில்லை. நார்வே 2011-லும் 2013-லும் சோதித்துப் பார்த்துவிட்டு 2014-இல் விட்டுவிட்டது. ஓட்டு வெளியே தெரிந்துவிடுமோ என்ற அச்சம் மக்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதும் அரசு சொன்ன காரணங்களில் ஒன்று.

ரகசியத்துக்கு அடுத்தபடியாக இன்னொன்று இருக்கிறது, அது சாட்சி. வாக்குச்சாவடியில் ஓட்டு மட்டும்தான் ரகசியம், மற்ற எல்லாமே பகிரங்கம். இந்தியச் சாவடிகளில் காலையில் வாக்குப்பதிவு தொடங்குவதற்கு முன்பே கட்சி ஏஜென்டுகளின் கண் முன்னால் குறைந்தது 50 ஓட்டுப் போட்டு மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். அதை எண்ணிக் காட்டி, அழித்து, சீல் வைத்துவிட்டுத்தான் முதல் வாக்காளரை விடுவார்கள். வந்தவரின் பெயரை அலுவலர் உரக்கப் படிப்பார். ஆள் மாறாட்டம் என்று தோன்றினால் ஏஜென்ட் அங்கேயே ஆட்சேபிக்கலாம். அதற்கு அவர் கட்ட வேண்டிய வைப்புத்தொகை 2 ரூபாய். மாலையில் எத்தனை பேர் போட்டார்கள் என்ற கணக்கு 17சி படிவத்தில் ஏஜென்டுகளுக்குத் தரப்படும். எண்ணும் நாளில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு சரிபார்க்கலாம். பிரான்ஸில் பெட்டியே கண்ணாடி போல் உள்ளே தெரிய வேண்டும், எண்ணுகிறவர்களும் வாக்காளர்களுக்குள்ளிருந்தே வர வேண்டும். ஆப்பிரிக்காவின் காம்பியாவில் வெகுகாலம் கோலிக்குண்டை உலோக உருளைக்குள் போட்டு வாக்களித்தார்கள். குண்டு விழுந்ததும் உள்ளே ஒரு மணி அடிக்கும், ஒருவரே இரண்டு குண்டு போட்டு அது இரண்டு தடவை அடித்தால் வெளியே இருப்பவர்களுக்குக் கேட்டுவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தணிக்கை செய்யக்கூடிய அமைப்பு இதைவிட எளிமையாக இருக்க முடியுமா, தெரியவில்லை.

நம் பக்கத்திலும் பழைய சான்று உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை முறையை உலகின் முதல் ஜனநாயகம் என்று மேடையில் முழங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது குலுக்கல், நிலமும் சொந்த மனையும் வேதப் படிப்பும் உள்ளவர்களின் பெயர்கள்தான் குடத்துக்குள் போயின. ஆனால் 10-ஆம் நூற்றாண்டின் அந்தக் கல்வெட்டில் நடைமுறையை எழுதியிருக்கும் விதம் என்னை ஆச்சரியப்படுத்துகிறது. குடத்தை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்ட வேண்டும். ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்ய வேண்டும். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை ஒளித்துவைக்கிற ஆட்கள் அன்றும் இருந்திருப்பார்கள் போலிருக்கிறது.

2009 மார்ச் 3 அன்று ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் சொன்னதும் கிட்டத்தட்ட அந்த ஐந்து விரலைத்தான். 2005 தேர்தலில் பயன்படுத்திய வாக்குக் கணினிகள் அரசமைப்புக்கு ஒத்துவராதவை; தேர்தலின் முக்கியமான படிகளைத் தனித் தொழில்நுட்ப அறிவில்லாத குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும் என்றது. இந்தத் தீர்ப்பு இந்திய இயந்திரங்களையும் உறுத்தும் என்று எனக்குத் தெரியும். 2013-இல் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் தொடங்கி இங்கே ஒப்புகைச் சீட்டு வந்ததும், போட்ட சின்னம் கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரிவதும் அந்தச் சந்தேகத்துக்கான பதில்தான். போதுமான பதிலா என்பது நீண்ட சண்டை. ஆனால் அந்தச் சண்டை போடுவதற்காவது ஒரு சீட்டு, ஒரு பெட்டி, ஒரு படிவம் இருக்கிறது. உங்கள் செயலியில் சந்தேகம் வந்தால் ஏஜென்ட் எதைப் போய்ப் பார்ப்பார்? நம்மைப் போல நாலு பேரைக் கூப்பிட்டு "சரியாக இருக்கிறதா தம்பி?" என்று கேட்பார். நாம் சரி என்போம். தோற்றவர் அதை எதற்காக நம்ப வேண்டும்? நானே நம்ப மாட்டேன்.

முதலாளியும் தொழிலாளியும் ஒரே வரிசையில் நிற்கிற அழகைப் பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதற்காக ஒரு கர்ப்பிணியை இரண்டு மணி நேரம் நிறுத்திவைக்க முடியாது. உங்கள் புகார்களில் முக்கால்வாசி உண்மை: வரிசை நீளம், உட்கார இடமில்லை, படி ஏற முடியவில்லை, பட்டியலில் பெயர் இல்லை, வேலைக்காக வேறு ஊரில் இருக்கிறவர் ஒரு ஓட்டுக்காக ஒரு ராத்திரி பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. இவற்றை எல்லாம் சாவடிக்குள் வைத்தே தீர்க்கலாம், தீர்த்தும் இருக்கிறார்கள். உங்கள் கோபத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் பலன் இருக்கும்.

அமெரிக்காவில் 2012 தேர்தலில் சில இடங்களில் மணிக்கணக்கில் வரிசை நின்றது. அதை ஆராய அமைத்த அதிபர் ஆணையம் 2014 ஜனவரியில் ஓர் அளவுகோல் சொன்னது: எந்த வாக்காளரும் அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது. இப்படி ஒரு எண்ணை எழுத்தில் வாங்குவதுதான் எனக்கு முதல் கோரிக்கையாகப் படுகிறது. எண் இருந்தால் ஒரு சாவடியில் எத்தனை பேர், எத்தனை அலுவலர், எத்தனை இயந்திரம் என்று பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டிவரும். இல்லாவிட்டால் "கூட்டம் அதிகம்" என்ற ஒரே பதிலோடு முடிந்துவிடும்.

வெளியூர்க்காரர்களுக்கும் வழி இருக்கிறது. ஸ்வீடனில் தேர்தலுக்கு 18 நாள் முன்பிருந்தே, நூலகம் போன்ற இடங்களில், நாட்டின் எந்த ஊரிலும் முன்கூட்டி வாக்களிக்கலாம். மனம் மாறினால் தேர்தல் நாளன்று சொந்தச் சாவடிக்குப் போய்ப் புதிதாகவும் போடலாம். ஆஸ்திரேலியாவில் தன் மாநிலத்துக்குள் எந்தச் சாவடிக்கும் போகலாம். மருத்துவமனைகளுக்கும் தொலைதூரக் குடியிருப்புகளுக்கும் நடமாடும் குழுக்கள் போகின்றன. இந்தியத் தேர்தல் ஆணையமும் 2023 ஜனவரியில் கட்சிகளை அழைத்து, 72 தொகுதிகள் வரைக்கும் ஒரே சாவடியில் கையாளக்கூடிய இயந்திரத்தின் மாதிரியைக் காட்ட முன்வந்தது. வேலை பார்க்கும் ஊரிலேயே ஒரு சாவடிக்குப் போய்ச் சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கிற ஏற்பாடு. கட்சிகள் கிளப்பிய ஆட்சேபங்களில் சில நியாயமானவை. அதற்காக அதை அப்படியே மறந்துவிட வேண்டியதில்லை. புலம்பெயர்ந்த தொழிலாளிக்குத் தேவை செயலி இல்லை, அந்த ஊரில் அவருக்கென்று ஒரு மேசையும் தடுப்பும்.

நடக்க முடியாதவர்களை விடக் கூடாது என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயதைத் தாண்டியவர்களும், 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களும் வீட்டிலேயே வாக்களிக்கலாம் என்று ஆணையம் வழி செய்தது. எப்படி? அலுவலர்கள் குழுவாக வீட்டுக்குப் போனார்கள், தடுப்பையும் தூக்கிக்கொண்டு. வீட்டில் இருப்பவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். சாவடியே வீட்டுக்குப் போயிற்று. அருணாசலப் பிரதேசத்தின் மாலோகாமில் ஒரே ஒரு வாக்காளருக்காக மலைப்பாதையில் நடந்துபோய்ச் சாவடி அமைக்கிற ஏற்பாட்டுக்கு, நகரத்தில் ஒரு சரிவுப்பாதை கட்டுவது பெரிய காரியம் ஆகாது. கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக, நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கை பரபரத்தால் செய்வதற்கு வேலை நிறைய இருக்கிறது. வரைவு வாக்காளர் பட்டியல் வெளியானதும் தன் பெயர் இருக்கிறதா, இரண்டு தடவை இருக்கிறதா, விட்டுப்போயிருந்தால் எந்தப் படிவம் என்று பாட்டியும் புரிந்துகொள்ளும்படி காட்டுகிற ஒன்றைச் செய்யுங்கள். எந்தச் சாவடியில் சரிவுப்பாதை இருக்கிறது, எதில் இல்லை என்று தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பே பட்டியல் எடுத்து ஆணையத்துக்கு அனுப்புங்கள். தேர்தல் நாளில் ஒவ்வொரு சாவடியிலும் இந்த நேரத்தில் வரிசை எவ்வளவு நீளம் என்று காட்டுங்கள். ஆட்கள் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து வந்துகொள்வார்கள். அந்தத் தகவலில் யாருடைய ரகசியமும் இல்லை. அது எவ்வளவு பிழையாக இருந்தாலும் ஆட்சி மாறாது, பத்து நிமிடம் கூடுதலாக நிற்க வேண்டிவரும், அவ்வளவே. அந்த அளவு பிழைக்கு இடம் கொடுக்கிற வேலையைத்தான் நம் மாதிரி ஆட்களிடம் விட வேண்டும். அப்படி ஒன்றை நீங்கள் தொடங்கினால் சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்